தள்ள மறந்த ரப்பர்

புது ரப்பர் போட்ட அடுத்த வாரம்தான் டிக்கிக்குள் தண்ணீர் அதிகமாக வந்தது. பழைய ரப்பர் இருந்தபோது ஒரு மழைக்கு ஒரு டம்ளர். புதியது வந்த பிறகு அரை வாளி. உள்ளே விரித்திருந்த சாக்கு ஊறிக் கனத்து, திறந்ததும் ஈர நாய் வாசனை அடித்தது. "காசு குடுத்து ஓட்டை வாங்கிருக்கீங்க" என்றாள் மனைவி. மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

வண்டி அம்பாஸடர் மார்க் 4. 1982-இல் அப்பா வாங்கியது. நாங்கள் இருப்பது நாகர்கோவில் பக்கம். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் எங்களுக்கு உண்டு. எங்கள் ஊர் வண்டிகளைத் துரு பிடிக்க ஆண்டில் பாதி நாள் போதும் என்பார்கள்; மீதி நாள் அது ஓய்வெடுப்பதாகவும் தெரியவில்லை.

அம்பாஸடருக்கு உதிரிபாகம் கிடைப்பது இன்றும் பெரிய பாடில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை அந்த உடம்பைப் பெரிதாக மாற்றாமலேயே செய்து தள்ளினார்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் ஏதாவது ஒரு கடையின் பரணில் உங்களுக்கான பாகம் காத்திருக்கும். இரும்புச் சாமான் என்றால் முப்பது வருடம் எண்ணெய்த் துணிக்குள் கிடந்துவிட்டு, நேற்று வார்த்தது போல வெளியே வரும். ரப்பருக்கு அந்தப் பொறுமை கிடையாது. அது பரணில் கிடந்தபடியே கிழடாகும். "கம்பெனி சரக்கு சார், பிரிக்காத பாக்கெட்" என்று யாராவது பெருமையாகக் காட்டினால், வாங்கி விரலால் மடக்கிப் பாருங்கள். மடிப்பின் வெளிப்புறத்தில் மயிரிழை அளவுக் கீறல்கள் வாய் திறந்தால் பாக்கெட்டோடு திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நான் வாங்கியது பழைய சரக்கல்ல. மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் புது பீடிங். சரக்கில் குற்றமில்லை, ஒட்டிய என்னிடம்தான் குற்றம். அந்தக் குற்றம் என்னவென்று புரிந்துகொள்ள, ரப்பர் என்ற பொருள் எப்படி வேலை செய்கிறது என்று முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

அடைப்பு என்றதும் மனதில் வருவது பாட்டில் தக்கை. ஓட்டைக்குள் எதையோ திணிக்கிறோம், அடைந்துவிடுகிறது. டிக்கி ரப்பரையும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் சப்பாத்தி மாவை நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக்கி, டிக்கித் திறப்பைச் சுற்றிச் சாண் இடைவெளியில் வரிசையாக வைத்து, மூடியை மெதுவாக அழுத்திச் சாத்தித் திறந்தேன். ரப்பர் இல்லாத வெறும் விளிம்பில். நசுங்கிய மாவின் கனம்தான் மூடிக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி. கீல் பக்கம் ஆறு மில்லிமீட்டர். இடது கீழ் மூலையில் பத்து. வலது மூலையில் எட்டு. பூட்டுக்குப் பக்கத்தில் ஏழு. ஒரு முறை பின்னால் இடி வாங்கி டிங்கரிங் பார்த்த வண்டி. இடது மூலையின் பத்து மில்லிமீட்டர் அந்த இடியின் நினைவுச்சின்னம்.

நிற்கும்போது உள்ள கணக்கு இது. ஓடும்போது உடம்பே முறுக்கிக்கொள்கிறது. ஒரு பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்தப் பக்கத்து இடைவெளி துளி விரிகிறது, ஏறினால் சுருங்குகிறது. இத்தனை ஏற்ற இறக்கத்தையும் விடாமல் துரத்திப்போய் மூடியின் உள்விளிம்பை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ரப்பர் அடைக்கும். ஆகவே டிக்கி ரப்பர் ஒரு ஸ்பிரிங். சுற்றிலும் வளைந்து ஓடும் நீளமான, மெத்தென்ற ஸ்பிரிங். தள்ளுவது அதன் தொழில். அடைபடுவது அந்தத் தொழிலின் பலன்.

தள்ளுவது ஒரு நொடி தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73-ஆவது நொடியில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் காரணம். அன்று காலை கடுங்குளிர். இணைப்பு லேசாக விரிந்தபோது, கூடவே விரிந்து இடைவெளியை நிரப்ப வேண்டிய வளையம் குளிரில் மந்தமாகிக் கிடந்தது. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பரில் ஒரு துண்டைச் சிறு கிளாம்பில் இறுக்கி, மேஜை மீதிருந்த ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, கிளாம்பைத் தளர்த்திக் காட்டினார். அமுங்கிய ரப்பர் உடனே எழவில்லை. என் டிக்கியில் போனது ஒரு சாக்கும் கொஞ்சம் மானமும்தான். ஆனால் கேள்வி ஒன்றே: அமுக்கியதை எடுத்தால் ரப்பர் திரும்பி வருகிறதா, எவ்வளவு சீக்கிரம் வருகிறது?

அது ஏன் திரும்பி வர வேண்டும் என்பதே விசித்திரமான கதை. எஃகு ஸ்பிரிங் திரும்பி வருவதற்குக் காரணம், அதன் அணுக்களை அவற்றின் இடத்திலிருந்து விலக்கி வைக்கிறோம். அவை பழைய இடத்துக்கு இழுக்கின்றன. ரப்பரில் அப்படி இல்லை. ரப்பர் என்பது நூல் நூலான நீண்ட மூலக்கூறுகளின் சிக்கல். ஒவ்வொரு நூலும் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும். கோயில் கொடையில் சின்னப் பிள்ளைகள் கைகோத்து ரயில் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசை சும்மா விட்டால் நேராக நிற்காது. ஆளாளுக்குத் துள்ளி, வளைந்து சுருண்டு ஒரு கும்பலாகிவிடும். இரு முனையையும் பிடித்து நேராக்க வேண்டுமென்றால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகள் எவ்வளவு துள்ளுகிறார்களோ அவ்வளவு பலமாக வரிசை உங்கள் கையை உள்ளே இழுக்கும். ரப்பரின் இழுவிசை அவ்வளவுதான். நேராக நிற்க ஒரே வழி, கலைந்து கிடக்கக் கோடி வழி. அதனால் கலைந்த நிலைக்கே திரும்புகிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை உதட்டில் ஒட்டி வைத்துச் சட்டென்று இழுங்கள். சூடாகும். இழுத்தபடி சற்று ஆறவிட்டு, தளர்த்தி மறுபடி உதட்டில் வையுங்கள். குளிரும். 1805-இல் இதை எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் கஃப். குழந்தையிலேயே அம்மை கண்டு பார்வை இழந்தவர். உதடுதான் அவருடைய வெப்பமானி. எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்குவதையும் அவரே கவனித்தார். உலோகம் சூட்டில் நீளும், இழுத்து வைத்த ரப்பர் சூட்டில் சுருங்கும். இந்த வரியை மறந்துவிடாதீர்கள். என் தப்பு இதில்தான் ஒளிந்திருக்கிறது.

நூல்கள் ஒன்றையொன்று வழுக்கி ஓடிவிட்டால் இந்த விளையாட்டு நடக்காது. எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குலசேகரம், கீரிப்பாறை பக்கம் விடியும் முன்னே மரத்தில் பால் வெட்டிச் சிரட்டையில் பிடித்து, ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெட்டுவாயில் காய்ந்து நிற்கும் ஒட்டுப்பாலை உரித்து உருட்டிப் பந்தாக்காத பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. அந்தப் பந்து ஆவணியில் துள்ளும். சித்திரை வெயிலில் டவுசர் பையில் வைத்தால் பையோடு ஒட்டிக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ரப்பர் பூசிய மழைக்கோட்டு போட்டவர்களும் கோடையில் இதே அவதிதான் பட்டார்கள். 1839-இல் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கியபோதுதான் அது அடங்கியது. கந்தகம் நூலுக்கும் நூலுக்கும் நடுவே முடிச்சுப் போடுகிறது. நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு, மூன்று பங்கு கந்தகம் போட்டால் துள்ளும் ரப்பர். முப்பது பங்குக்கு மேல் போனால் அது எபோனைட், பழைய மைப்பேனாக்களின் உடம்பு. ரோமானியர்களின் நெருப்புக் கடவுள் வல்கன் பெயரை அந்த முறைக்குச் சூட்டினார்கள். நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைகளில் டயர் மீது சுண்ணாம்பால் 'வல்கனைசிங்' என்று எழுதி வைத்திருப்பது அந்தக் கடவுளின் பெயரைத்தான்.

மரமே நம் மண்ணுக்கு வந்தது ஒரு கப்பல் சரக்காகத்தான். 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து, கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டத்தில் வேர்பிடித்தது. ஆசியாவின் ரப்பர்க் காடுகள் அந்தத் தொகுப்பின் வாரிசுகள்.

இனி பழைய ரப்பர் ஏன் தோற்றது என்பதற்கு வருவோம். அதைப் பிரித்து எடுத்தபோது முழு நீளமும் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. வட்டக் குழல் ஆங்கில 'டி' எழுத்தாகியிருந்தது. கிழியவில்லை, அறுபடவில்லை, மூடி அமுக்கிய வடிவத்திலேயே நின்றுவிட்டது. ரப்பர் தொழிற்சாலைகளில் இதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு வில்லையை அதன் கனத்தில் கால்வாசி அமுங்கும்படி இறுக்கி, 70 டிகிரி சூட்டில் 22 மணி நேரம் வைப்பார்கள். எடுத்து அரைமணி விட்டு, அமுக்கிய அளவில் எத்தனை சதவீதம் திரும்ப எழவில்லை என்று அளப்பார்கள். முழுதாக எழுந்தால் பூஜ்யம். எழவே இல்லையென்றால் நூறு. என் பழைய ரப்பருக்கு நூறு மார்க் தாராளமாகப் போடலாம்.

நடப்பது இதுதான். கந்தக முடிச்சுகள் சாகாவரம் பெற்றவை அல்ல. சூட்டில் சில அவிழும், புதிதாகச் சில விழும். அமுங்கிக் கிடக்கும்போது விழுகிற முடிச்சு அந்த அமுங்கிய வடிவத்தையே இயல்பென்று எடுத்துக்கொள்கிறது. பழைய முடிச்சுகள் எழச் சொல்லும், புதியவை கிடக்கச் சொல்லும். வருடக்கணக்கில் புதியவை பெரும்பான்மையாகிவிடுகின்றன. வேதிவினைகளுக்கு ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள்: பத்து டிகிரி கூடினால் வேகம் இரண்டு மடங்கு. வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியின் டிக்கித் தகட்டைத் தொட்டுப் பார்த்தவருக்கு மேலே விளக்கம் வேண்டாம். நிழலில் நிறுத்துவது பெயிண்டுக்காக என்று நினைக்கிறோம். ரப்பருக்கு அதனால் கிடைக்கும் ஆயுள் அதைவிடப் பெரிது.

சூடு மட்டுமல்ல, காற்றும் எதிரி. ஓஸோன் வானத்தில் இருந்தால் நமக்குக் குடை. தரையில் இருந்தால் ரப்பருக்குக் கத்தி. வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து தரையோரக் காற்றில் அதை உண்டாக்குகின்றன. நூறு கோடிப் பங்கு காற்றில் சில பத்துப் பங்குதான். ஆனால் இயற்கை ரப்பரின் நூலில் ஐந்து கார்பன் கொண்ட ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. ஓஸோன் அதைத் தேடிப்போய் வெட்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், சும்மா கிடக்கும் ரப்பரில் வெட்டு விழுந்தாலும் மேற்பரப்பு மங்குவதோடு சரி. அதே ரப்பரைச் சற்று இழுத்து வைத்தால், வெட்டின வாய் விரியும். விரிந்த இடத்தில் புது ரப்பர் காற்றுக்குத் தெரியும். அதுவும் வெட்டுப்படும். இழுத்த திசைக்குக் குறுக்காக வரிவரியாகப் பிளவுகள். பழைய சைக்கிள் டயரின் பக்கவாட்டில் பார்க்கும் அதே கீறல்கள். ஆகவே ஒட்டும்வரை புது பீடிங்கை ஆணியில் தொங்கவிடாதீர்கள். தொங்கும் இடத்தில் மடிப்பு, மடிப்பில் இழுவை, இழுவையில் கீறல். சுருட்டாமல் தரையில் தளர்வாக, இருட்டில் போட்டு வைக்கலாம்.

1960-களில் இந்த இரட்டைப் பிணைப்பு வம்பே இல்லாத ஒரு செயற்கை ரப்பர் சந்தைக்கு வந்தது. இ.பி.டி.எம். என்பார்கள். எத்திலீனும் புரொப்பிலீனும் சேர்ந்த நூல்; முதுகெலும்பில் ஓஸோனுக்குப் பிடி கிடைக்காது. முடிச்சுப் போடத் தேவையான இரட்டைப் பிணைப்பைப் பக்கக் கிளையில் மட்டும் வைத்திருக்கிறார்கள். கிளை வெட்டுப்பட்டாலும் மரம் நிற்கும். இன்றைய கார்களின் கதவு, டிக்கி ரப்பர்கள் பெரும்பாலும் இதுதான். கிளாசிக் வண்டிக்காரர்கள் சிலர் 'ஒரிஜினல் மாதிரியே இயற்கை ரப்பர்தான் வேண்டும்' என்று அடம்பிடிப்பார்கள். கண்காட்சிக்கு வண்டி வைத்திருப்பவருக்கு அது சரி. மழையில் ஓட்டுகிறவர் இ.பி.டி.எம். வாங்குவதே புத்தி என்பது என் கட்சி. அதன் இரண்டு குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, எண்ணெயில் ஊதிப்போகும். பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெயோ கிரீஸோ தடவுவது அதற்கு விஷம், சிலிக்கான் கிரீஸ் பரவாயில்லை. இரண்டு, பசை அதன்மீது எளிதில் பிடிக்காது.

தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் கவலைப்பட வேண்டியது காற்றைப் பற்றி. ஓடும் காரின் பின்னால் காற்று உடைந்து சுழன்று, அங்கே அழுத்தம் குறைகிறது. முன்கண்ணாடி இறக்கி ஓட்டினால் கார் ஒரு குழாய் மாதிரி. டிக்கி இடுக்கு வழியாகப் பின்புறக் காற்று உள்ளே இழுபடலாம். மண்சாலையில் போய்வந்து டிக்கியைத் திறந்தால் பெட்டிகள் மேல் செம்மண் படிந்திருப்பது அப்படித்தான். சைலன்ஸர் வாயும் அங்கேதான் இருக்கிறது. புழுதி வரும் வழியில் புகையும் வரும். பெட்ரோல் எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பழைய கார்களில் டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஓர் அட்டைதான் தடுப்பு. நீண்ட பயணத்தில் பின்சீட்டுக் குழந்தைகள் தலைவலி, வாந்தி என்றால் எலுமிச்சம்பழத்தைத் தேடும் முன் டிக்கி ரப்பரைப் பாருங்கள்.

சரி, என் தப்பு. புது ரப்பர் எங்கே விடுகிறது என்று கண்டுபிடிக்க, எரியும் டார்ச்சை டிக்கிக்குள் வைத்து மூடி இருட்டில் சுற்றி வந்தேன். ஒன்றும் தெரியவில்லை, மூடியின் மடிந்த விளிம்பு வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. சாக்பீஸ்தான் உண்மையைச் சொன்னது. ரப்பரின் முகடு முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து, மூடியைச் சாத்தித் திறந்தால், ரப்பர் தொட்ட இடமெல்லாம் மூடியில் வெள்ளைக் கோடு. என் கோடு நான்கு மூலையிலும் அறுந்திருந்தது. மேல்பக்கம், இரண்டு முனையும் சேரும் இடத்தில், ஒரு விரல் நுழையும் சந்து.

வேலைக்கு வந்த டிங்கர் எழுபதை நெருங்குகிறவர். சந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "துணி தைக்கிற மாதிரி இழுத்து இழுத்து ஒட்டினீங்களா சார்?" ஆமாம் என்றேன். சுருக்கம் விழாமல் விறைப்பாக, அழகாக வரட்டும் என்று, வலது கையால் இழுத்துப் பிடித்து இடது கையால் அழுத்திக்கொண்டே போயிருந்தேன். "அது சும்மா இருக்குமா?" என்றார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை. ஜான் கஃப் விளக்கினார்.

இழுத்து ஒட்டிய ரப்பர் ஒவ்வொரு கணமும் சுருங்கப் பார்க்கிறது. வெயில் ஏற ஏற இன்னும் பலமாக. அதே வெயிலில் பசை இளகுகிறது. இரண்டும் சேர்ந்தால் வெல்வது ரப்பர்தான். மூலையில் அது குறுக்கு வழி தேடும். வளைவை விட்டுக் கிளம்பி நேராக நிற்கும். முனைகள் பின்வாங்கிச் சந்து விழும். இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. கெட்டி ரப்பரை எப்படி இழுத்தாலும் அதன் கன அளவு ஏறக்குறைய மாறாது. நீளம் கூடினால் பருமன் குறைந்தே ஆக வேண்டும். அதாவது இழுத்த கணத்திலேயே அதன் உயரத்தைக் குறைத்து, எட்ட வேண்டிய மூடியை எட்டாமல் செய்துவிட்டேன். போதாக்குறைக்கு, ஓஸோனுக்கும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒரே இழுப்பில் மூன்று கேடு.

எல்லாவற்றையும் பிய்த்தோம். ரப்பருக்கு அடியில் கீழ்விளிம்பு பூரா துரு. அங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது. இரும்பு துருவானால் பருமன் பெருத்து, மேலிருக்கும் பெயிண்டைக் கிளப்பிவிடும். பசை பெயிண்டைப் பிடித்திருக்கிறது, பெயிண்ட் துருவைப் பிடித்திருக்கிறது, துரு எதையும் பிடித்திருக்கவில்லை. முதல் தடவை இதன் மேலேயே ஒட்டியிருந்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி தடவி, பிரைமர், பெயிண்ட் அடித்து ஒரு வாரம் காயவிட்டோம். அந்த ஒரு வாரம் முக்கியம். பசையில் இருக்கும் கரைப்பான், காயாத பெயிண்டைக் கரைத்துச் சேறாக்கிவிடும்.

பசை என்று நாங்கள் எடுத்தது மரவேலைக்காரர்கள் மைக்கா ஒட்டும் செயற்கை ரப்பர்ப் பசை. அதன் சூட்சுமம் அவசரப்படாமை. தகட்டிலும் ரப்பரிலும் மெல்லிசாகத் தடவி, கரைப்பான் பறந்து விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு அழுத்த வேண்டும். தொட்ட இடம் தொட்டதுதான், நகர்த்த முடியாது. புது ரப்பரின் மேலே அச்சிலிருந்து வந்த மெழுகும் பவுடரும் படிந்திருக்கும். தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் பசை. இதைச் செய்யாததால் பழி பசைக்கு வருவதே வழக்கம். திறந்த வெளியில் செய்யுங்கள். அந்தப் புகை தலைக்கு ஏறும்.

இந்த முறை கயிறு வைத்துச் சுற்றளவை அளந்து, அதைவிட ஒரு விரற்கடை நீளமாக வெட்டினோம். தொடக்கமும் முடிவும் கீழ்ப்பக்கம், நடுவில். பின்கண்ணாடியிலிருந்து வழியும் மழைநீர் மேல்விளிம்பில்தான் வந்து மோதுகிறது. அங்கே இணைப்பை வைப்பது, நான் செய்தது போல, திருடனுக்கு முன்வாசலைக் காட்டுவது. மூலைகளை முதலில் ஒட்டி, நேர்ப்பகுதிகளை நடுவிலிருந்து இருபுறமும் அழுத்திக்கொண்டு போனோம். இழுக்கவில்லை, மாறாக, சற்று உள்ளே தள்ளித் தள்ளி. மிஞ்சிய அந்த விரற்கடையை அமுக்கி முனையோடு முனை முட்டவைத்தபோது, இணைப்பு தன்னைத்தானே இறுக்கிக்கொண்டது. குழல் ரப்பரின் அடியில் இடைவிட்டு ஊசித் துளைகள் இருக்கும். மூடியைச் சாத்தும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற அவை வேண்டும். பசை அடைத்தால் ரப்பர் காற்றடித்த டியூப் போல முரண்டுபிடிக்கும்.

காற்று வெளியேறியும் டிக்கி முரண்டுபிடிக்கத்தான் செய்தது. புது ரப்பர் முழு உயரத்தில் நிற்கிறது. பூட்டு கொக்கியை எட்டவில்லை. ஓங்கி அறைந்து சாத்தும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், தகடுதான் வளையும். பூட்டின் கொக்கியை இரண்டு சுற்றுத் தளர்த்தி மேலே ஏற்றி, மெல்ல அழுத்தி மூடி, அப்படியே விட்டுவிட்டோம். அமுக்கி வைத்த ரப்பரின் எதிர்ப்பு காலத்தோடு தளரும், ஆனால் வினோதமான கணக்கில். முதல் நிமிடத்திலிருந்து பத்தாம் நிமிடத்துக்குள் எவ்வளவு தளர்கிறதோ, பத்திலிருந்து நூறுக்குள் ஏறக்குறைய அவ்வளவே. அதே அளவு மறுபடி தளர ஆயிரம் நிமிடம். ஆகவே பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். மீதிக்கு வருடங்கள் இருக்கின்றன. மூன்றாம் நாள் கொக்கியைப் பழைய இடத்துக்கு இறக்கினோம். அதற்குப் பிறகு செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, இருபது இடத்தில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் தாள் இறுகிப் பிடித்தது. இடது கீழ் மூலையில் மட்டும் சற்று எளிதாக வந்தது. அங்கே ரப்பருக்கு அடியில் இரண்டு மில்லிமீட்டர் பட்டை ஒன்று வைத்துத் தூக்கினோம்.

ஐப்பசி முழுக்க டிக்கிக்குள் ஒரு செய்தித்தாளை விரித்துப் போட்டிருந்தேன். தினமும் மழை. தாள் காய்ந்தே கிடந்தது, வலது ஓரம் தவிர. அந்த ஈரம் டெயில் லாம்ப் பக்கமிருந்து வருகிறது. அதற்கு வேறொரு ரப்பர் இருக்கிறதாம், இன்னும் வாங்கவில்லை.